சொன்னால்தானே தெரியும்: சிக்ஸ்த் ஃபோம் பிள்ளைகளும் நாங்களும்

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



புத்தாண்டு எங்களுக்கு மகிழ்ச்சியான நாள்தான். ஆனால் இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபோம் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த நாள் இன்னொரு கணக்கையும் நினைவூட்டும். ஏப்ரல் 14 கழிந்து நாலைந்து கிழமையில் ஏ லெவல் சோதனை தொடங்கிவிடும். ஜூன் மாதம் வரை இழுபடும். பிறகு ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை பெறுபேறு வரும். கைவிசேடம் கொடுக்கும்போதே "எத்தனை ஏ எடுப்பாய்?" என்று கேட்கிற மாமாமாரும் மாமிமாரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். பிள்ளை சிரித்துவிட்டுப் போகும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நல்ல புள்ளி எடுப்பது எப்படி என்று பேசச் சொல்லித்தான் சங்கம் என்னைக் கேட்டது. நான் அதற்கு முன்னால் வரவேண்டிய ஒரு விசயத்தைப் பேசப்போகிறேன். சில வருடங்களாக லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் சிக்ஸ்த் ஃபோமில் மாணவர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களில் 'பாஸ்ரரல் கெயர்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். 'பாஸ்ரர்' என்றால் லத்தீன் மொழியில் மேய்ப்பன். தேவாலயத்தில் புழங்கிய சொல் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. இன்றைக்கு அதில் சமயம் எதுவும் இல்லை. எந்த ஆடு நொண்டுகிறது, எது பின்தங்கிவிட்டது என்று பார்க்கிறது மேய்ப்பனுடைய வேலை. அதைப்போல, எந்தப் பிள்ளை நித்திரையில்லாமல் வருகிறது, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறது, எது திடீரென்று கதையைக் குறைத்துவிட்டது என்று பார்க்கிறதற்கு இங்கே பள்ளிக்கூடங்களில் ஆட்களை நியமித்திருக்கிறார்கள்.

ஊரில் இப்படி ஒரு தனிப் பதவி இருந்ததில்லை. தேவையும் பெரிதாக இருக்கவில்லை. வகுப்பாசிரியர் இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருப்பார். கோயிலில் அப்பாவைக் காண்பார், சந்தையில் அம்மாவைக் காண்பார். வீட்டில் சாவீடு என்றால் அவரே வந்து நிற்பார். பிள்ளை வாய் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, வாத்தியாருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இங்கே அப்படியா? ஆசிரியர் வேறு ஊரிலிருந்து ரெயினில் வருகிறார். எங்கள் தெரு அவருக்குத் தெரியாது. நாங்கள் எந்த வழியால், எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்றும் தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு பெயரும், வரவுப் பதிவும், புள்ளிகளும்தான். மிச்சத்தை யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பள்ளிக்கூடம் உதவி செய்யும், ஆனால் சொன்னதுக்கு மட்டும்தான் செய்யும்.

யாரிடம் சொல்வது என்று முதலில் பார்ப்போம். 12 ஆம், 13 ஆம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் ஒரு 'ரியூட்டர்' இருப்பார். எங்கள் வகுப்பாசிரியர் மாதிரி. அவருக்கு மேலே சிக்ஸ்த் ஃபோம் பொறுப்பாசிரியர். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒருவர் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கட்டாயம் இருக்கவேண்டும். அவருடைய பெயரைப் பள்ளிக்கூட இணையத்தளத்திலேயே காணலாம். படிப்பதில் விசேட உதவி தேவைப்படுகிற பிள்ளைகளைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பல இடங்களில் உளவளத்துணையாளரும் கிழமையில் சில நாட்கள் வருவார். எதிர்காலத் தொழில் பற்றி ஆலோசனை சொல்ல இன்னொருவர் இருப்பார். இவ்வளவு பேரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ரியூட்டருடைய பெயரும் மின்னஞ்சலும் தெரிந்தால் காணும். அவர் மற்றவர்களிடம் அனுப்பிவைப்பார். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குப் பிள்ளையின் ரியூட்டருடைய பெயர் தெரியும் என்று கேட்டால் கை உயர்த்துவது குறைவாகத்தான் இருக்கும். ரியூசன் மாஸ்ரருடைய பெயர் எல்லோருக்கும் தெரியும்!

இனி, நாங்கள் ஏன் சொல்லாமல் இருக்கிறோம்? வீட்டு விசயம் படலை தாண்டக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதோடு போரும் எங்களுக்கு வாயை மூடப் பழக்கியது. சோதனைச் சாவடியில் ஒரு சொல் கூடினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள். இங்கே வந்த பிறகும் ஹோம் ஒபிசில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு திகதி பிழைத்தால் 'பொய்' என்று எழுதுவார்களோ என்று பயந்தவர்கள். அந்த மௌனம் எங்களைக் காப்பாற்றிய மௌனம். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே மௌனத்தை நாங்கள் அறியாமலே பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டோம். இன்றைக்கு சிக்ஸ்த் ஃபோமில் இருப்பவர்கள் 2009 ஐ ஒட்டிய வருடங்களில் பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலை அவர்கள் கண்ணால் காணவில்லை. ஆனால் மே மாதம் வந்தால் அம்மா ஏன் சமையலறையில் நின்று அழுகிறா, அப்பா ஏன் இரவில் எழும்பி நடக்கிறார் என்று பார்த்து வளர்ந்தவர்கள். கேட்கக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாங்களாகவே கேட்காமல் விட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போரின் மனக்காயங்களைப் பற்றி 1998 இலும் 2014 இலும் ஆங்கிலத்தில் இரண்டு நூல்கள் எழுதினார். போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் கடல் கடந்து வந்த குடும்பத்துக்குள்ளும் அந்தக் காயம் கூட வந்திருக்கும். பிள்ளை லண்டனில் பிறந்தது என்பதால் அது அறுந்துபோய்விடாது.

அடையாளம் மாற்றி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். 13 ஆம் ஆண்டுப் பையன். பெற்றோல் செற்றில் அப்பாவுக்கு இரவு வேலை. அம்மாவுக்கு வருத்தம். கிழமையில் ஒரு நாள் ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை, அதனால் பையன்தான் கூடப் போய் மொழிபெயர்ப்பான். பள்ளிக்கூடத்துப் பதிவில் ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் 'காரணமின்றி வரவில்லை'. ஆசிரியர்கள் அவனை அக்கறையில்லாதவன் என்று நினைத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் போனது. அந்தக் கடிதத்தை வீட்டில் வாசித்து விளங்கப்படுத்தியதும் அவன்தான்! அதை எப்படி மொழிபெயர்த்திருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைசியில் ஒரு நாள் நூலகத்தில் நித்திரையாகிப் போனான். அப்போதுதான் ரியூட்டர் இருத்திவைத்துக் கேட்டார். அவன் சொன்னது ஒரு வசனம். "அம்மாவை ஆர் கூட்டிக்கொண்டு போறது, மிஸ்?"

சொன்ன பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கோ. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுத்தார்கள். என்.எச்.எஸ்ஸில் அதற்குக் காசு இல்லை. நியமனம் எடுக்கும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று சொன்னால் போதும். வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிற 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை 'இளம் பராமரிப்பாளர்' என்று கணிக்கப்படுகிறது. 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படியான பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளூராட்சிச் சபை மதிப்பீடு செய்யவேண்டும். அதையும் பள்ளிக்கூடம் கேட்டு எழுதியது. தவறவிட்ட பாடங்களுக்கு ஆசிரியர்கள் மதிய நேரத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பையனிடம் புதிதாக ஒரு திறமையும் வரவில்லை. முதுகில் இருந்த சுமையில் ஒரு பகுதி இறங்கியது, அவ்வளவுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பள்ளிக்கூடம் செய்யக்கூடியவை இன்னும் சில இருக்கின்றன. கவனமாகக் கேளுங்கோ, இவை புள்ளியோடும் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, யூகாஸ் விண்ணப்பம். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிக்கூடம் ஒரு சிபாரிசு எழுதும். 2024 இல் பல்கலைக்கழகம் சேர்ந்த மாணவர்களிலிருந்து அந்தச் சிபாரிசு மூன்று பகுதியாக எழுதப்படுகிறது. அதில் ஒரு பகுதி, பிள்ளையின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதும் இருந்தால் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. தற்காலிக விடுதியில் ஒரு அறைக்குள் ஐந்து பேர் இருந்து படித்தது, இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறியது, தகப்பன் தடுப்பு முகாமில் இருந்தது, எல்லாம் அங்கே இடம்பெறலாம். ரியூட்டருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பகுதி வெறுமையாகத்தான் போகும். அதைப் பார்க்கிற பல்கலைக்கழகம், வசதியான வீட்டில் தனி அறையில் இருந்து படித்த பிள்ளையும் எங்கள் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடியதாக நினைக்கும்.

இரண்டாவது, சோதனை ஏற்பாடுகள். தகுந்த காரணமும் சான்றும் இருந்தால் சில பிள்ளைகளுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் கிடைக்கும். சிலருக்கு இடையில் ஓய்வு எடுக்க, சிலருக்குச் சிறிய அறையில் இருந்து எழுத அனுமதி கிடைக்கும். சோதனைக்கு முதல் கிழமை ஓடிப்போய்க் கேட்டால் நடக்காது. வகுப்பிலும் அந்தப் பிள்ளை வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறது என்று பள்ளிக்கூடம் காட்டவேண்டும். ஆகவே 12 ஆம் ஆண்டிலேயே கதைக்கவேண்டும்.

மூன்றாவது, சோதனை நேரத்தில் ஏதும் நடந்தால். இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரில் அம்மம்மா மோசம் போய்விட்டா. பிள்ளைக்கு அடுத்த நாள் சோதனை. "முடியுமட்டும் அவளுக்குச் சொல்லாதேங்கோ" என்று வீட்டில் எல்லோரும் வாயை மூடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் இப்போது அப்படி ஒளிக்க முடியாது பாருங்கோ. கனடாவில் இருக்கிற மச்சாள் வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலி போட்டுவிடுவா. பிள்ளை பஸ்சில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்து, தனியாக அறைக்குள் இருந்து அழும். அடுத்த நாள் சோதனையும் எழுதும். சொல்லியிருந்தால் எல்லோரும் சேர்ந்து அழுதிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் அறிவித்திருக்கலாம். இப்படியான வேளையில் 'விசேட கவனிப்பு' என்று பரீட்சைச் சபைக்குப் பள்ளிக்கூடம் விண்ணப்பிக்கும். மிகப் பெரிய பாதிப்புக்கு, உதாரணமாகத் தாயோ தகப்பனோ அண்மையில் இறந்திருந்தால், ஆகக்கூடியது 5 சதவீதம் வரை சேர்ப்பார்கள். மற்றவற்றுக்கு அதிலும் குறைவு. பெரிய தொகை இல்லைத்தான். ஆனால் ஒரு தரம் ஏறுவதும் இறங்குவதும் சில சமயம் இரண்டு மூன்று புள்ளியில்தானே இருக்கிறது. அதைவிட முக்கியம், பிள்ளை சோதனை மண்டபத்துக்குள் தனியாகப் போகவில்லை என்ற தெம்பு.

நாலாவது, காசு விசயம். கேட்க வெட்கப்படுகிறோம். பஸ் காசு, புத்தகம், மதியச் சாப்பாடு இவற்றுக்கு வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு '16 தொடக்கம் 19' உதவிப்பணம் என்று ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பள்ளிக்கூடமே தீர்மானிக்கும். அதற்கென்று ஒதுக்கிய பணம் அது, பிச்சை இல்லை.

ஐந்தாவது விசயம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, ஆனால் பொருந்துகிற வீட்டில் நெஞ்சை அழுத்துகிறது. அகதி அந்தஸ்துக் கிடைத்த குடும்பத்துப் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைகளைப் போலவே கட்டணம் செலுத்திப் படிக்கலாம், மாணவர் கடனும் எடுக்கலாம். வழக்கு இன்னும் முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்கக் கடன் பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள். கூட்டாளிமார் எல்லோரும் பல்கலைக்கழகம் பற்றிக் கதைக்கும்போது அந்தப் பிள்ளை "நான் ஒரு வருசம் லீவு எடுக்கப்போறன்" என்று சொல்லிச் சிரிக்கும். உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கம். சில பல்கலைக்கழகங்கள் இப்படியான பிள்ளைகளுக்கென்றே புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. இடங்கள் குறைவு, விண்ணப்பத் திகதிகள் வேறு வேறு. 12 ஆம் ஆண்டிலேயே தெரிந்தால் பள்ளிக்கூடம் தேடிப்பார்த்து உதவ முடியும். 13 ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்தால் என்ன செய்ய முடியும்?

இனி உங்கள் மனதிலுள்ள பயங்களுக்கு வருகிறேன். "சொன்னால் எங்கே போகும்?" இது நியாயமான கேள்வி. 2016 இல் அரசாங்கம் பள்ளிக்கூடங்கள் மூலம் பிள்ளைகளின் தேசிய இனத்தையும் பிறந்த நாட்டையும் பதியத் தொடங்கியது. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்ததனால் 2018 இல் அதைக் கைவிட்டது. ஆகவே பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரியூட்டருடைய வேலை வீசா பார்ப்பதில்லை. வழக்குச் சம்பந்தமான விபரம் எவ்வளவு சொல்லலாம் என்று உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கோ. வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே "வீட்டில் கஸ்டம், பிள்ளை நித்திரை கொள்வதில்லை" என்று சொல்லலாம். "நான் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் ஆசிரியர் அதை இரகசியமாக வைத்திருக்க முடியாது. பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். அதைப் பிள்ளைக்கும் சொல்லிவிட்டுத்தான் பொதுவாகச் செய்வார்கள். "அப்ப சோசல் சேர்விஸ் வந்து பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடும்" என்று ஒரு கதை எங்களுக்குள் உலாவுகிறது. ஆசிரியர் ஒருவர் சொன்னதை வைத்து அப்படிச் செய்ய முடியாது. பெற்றோர் சம்மதிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிசுக்கு ஆகக்கூடியது 72 மணித்தியாலம் அதிகாரம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு வருவதில் பெரும்பகுதி என்ன உதவி வேண்டும் என்று கேட்பதற்குத்தான்.

பெற்றோர் சந்திப்பு மாலைக்குப் போகிறோம். ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை தன்னைப் பற்றித் தானே தமிழில் சொல்கிறது. "மிஸ் என்ன சொல்றா?" "நல்லாப் படிக்கிறேனாம் அம்மா." அந்தப் பிள்ளையைக் கோபிக்காதேங்கோ. அந்த வேலையை யார் அதன் தலையில் கட்டியது? பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டி அறிவித்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. பல பள்ளிக்கூடங்கள் ரெலிபோன் மூலமாவது ஒழுங்கு செய்யும். முடியாவிட்டால் எங்கள் சங்கத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எந்தக் காரணம் கொண்டும் பிள்ளையின் மனநிலையைப் பற்றிக் கதைக்கும்போது பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதேங்கோ.

இன்னொரு விசயம் சில பெற்றோருக்குப் பிடிக்காது. 16 வயது கடந்த பிள்ளை தன் வைத்தியத்துக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம் என்று இங்கே 1969 ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஜீ.பி.யிடம் தனியாகப் போகலாம். அவர் எங்களிடம் சொல்லமாட்டார். உளவளத்துணையாளரிடம் பிள்ளை கதைத்ததும் அப்படித்தான். "எனக்குத் தெரியாமல் என்ட பிள்ளை வேற ஆக்களோட என்ன கதைக்குது?" என்று மனம் நோகும். நோகட்டும். பிள்ளை எங்களிடம் சொல்ல முடியாததை ஒரு நல்ல ஆளிடம் சொல்கிறது என்றால் அது எங்களுக்குத் தோல்வி ஆகாது. ஊரில் பிள்ளைகள் பெரியம்மாவிடமோ சித்தப்பாவிடமோ போய்ச் சொன்னார்கள். இங்கே பெரியம்மா பாரிசில், சித்தப்பா ரொறன்ரோவில். அந்த இடத்தை யாராவது நிரப்பத்தானே வேண்டும்.

மருத்துவம், பொறியியல் பற்றியும் ஒரு சொல். பெற்றோர் ஆசைப்படுவதில் பிழையில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்புத்தான் மிஞ்சிய காணி. ஆனால் யூகாசில் ஐந்து தெரிவு இருந்தாலும் மருத்துவத்துக்கு நாலுதான் போடலாம். ஐந்தாவது வேறு பாடமாக இருக்கவேண்டும். அவர்களே இரண்டாவது வழியை யோசித்துத்தான் விதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஏன் பிள்ளையை ஒரே கதவுக்கு முன்னால் நிறுத்தி வைக்கிறோம்? பெறுபேறு வருகிற நாளில் 'கிளியரிங்' வழியாக வேறு இடம் தேடலாம். அடுத்த வருடம் திரும்ப எழுதலாம். வேலையோடு சேர்ந்து பட்டம் படிக்கிற பயிற்சியும் 2015 இலிருந்து இருக்கிறது. "எது வந்தாலும் நீ எங்கட பிள்ளை" என்று ஓகஸ்ட் வருமுன்பே, சோதனைக்கு முன்பே, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கோ. அதுதான் தெரியுமே என்று நினைக்காதேங்கோ. எங்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது.

எப்போது கவனிக்கவேண்டும்? நித்திரை மாறினால், இந்த வயதுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் வேண்டும். சாப்பாடு குறைந்தால். கூட்டாளிமாரை விட்டு விலகினால். விருப்பமான விளையாட்டையோ மிருதங்கத்தையோ நடனத்தையோ திடீரென்று கைவிட்டால். காரணமில்லாமல் எரிந்து விழுந்தால். தனக்கு அருமையான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால். "நான் இல்லாட்டி உங்களுக்குச் சுகம்" என்ற மாதிரிச் சொன்னால் பகிடி என்று விடாதேங்கோ. பக்கத்தில் இருந்து, குரலை உயர்த்தாமல், "சாகவேணும் போல நினைக்கிறியா?" என்று நேரேயே கேளுங்கோ. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான நம்பிக்கை. கேட்டால் பிள்ளைக்கு மூச்சு வரும். அன்றைக்கே ஜீ.பி.க்கு அல்லது 111 இலக்கத்துக்கு எடுத்து, மனநல உதவிக்கு 2 ஐ அழுத்துங்கோ. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பின்வரிசையில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இப்போது சொல்கிறேன். அம்மா அப்பா பட்ட கஸ்டத்துக்கு முன்னால் உங்கள் கஸ்டம் ஒரு கஸ்டமா என்று நினைக்கிறீர்கள். பல பேர் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். "அவங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சவங்கள், நான் என்னெண்டு சோதனைப் பயம் எண்டு சொல்லுறது?" கஸ்டத்தைத் தராசில் வைத்து நிறுக்கத் தேவையில்லை. கால் முறிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்பதால் உங்கள் காய்ச்சலுக்கு மருந்து வேண்டாம் என்று ஆகிவிடுமா? ரியூட்டரிடம் போய் "எனக்குக் கொஞ்சம் கதைக்கவேணும்" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் கேட்பார். முதலில் போன ஆள் சரியாகக் கேட்கவில்லை என்றால் அடுத்த ஆளிடம் போங்கள். நேரில் சொல்ல முடியாவிட்டால் 'சைல்ட்லைன்' 0800 1111. 19 வயது வரும்வரை கதைக்கலாம், காசில்லை, பில்லிலும் வராது. 'சமாரிற்றன்ஸ்' 116 123, எந்த வயதினரும், எந்த நேரமும். இது பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவில் மூன்று ஏ எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைக்கிறோம். நல்லது, அழைக்கத்தான் வேண்டும். அதோடு, பெற்றோருடன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மொழிபெயர்க்கக்கூடிய நாலைந்து பேரின் பட்டியலையும் வைத்திருப்போம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற அண்ணாமார், அக்காமார் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு சிக்ஸ்த் ஃபோம் பிள்ளைகளோடு இருந்து கதைக்கட்டும். பெற்றோர் வெளியில் தேத்தண்ணி குடிக்கட்டும்.

கடைசியாக, வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டிய ஒரு வேலை. பிள்ளையிடம் "உன்ட ரியூட்டர் ஆர்?" என்று கேளுங்கோ. பிள்ளையின் சம்மதத்தோடு அவருக்கு நாலு வரி எழுதுங்கோ. நாங்கள் இன்னாருடைய பெற்றோர், எங்களுக்கு ஆங்கிலம் குறைவு, வீட்டில் இப்படி ஒரு நிலைமை, பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். அவ்வளவு போதும். இலக்கணம் பிழைத்தால் பிழைக்கட்டும், அவர் புள்ளி போடமாட்டார். எழுதத் தெரியாதவர்கள் இன்றைக்குச் சாப்பாடு முடிந்த பிறகு என்னிடம் வாருங்கோ, இருந்து சேர்ந்தே எழுதுவோம்.  சோதனைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் நல்ல மனதோடும் நல்ல நித்திரையோடும் போய்வர வாழ்த்துகிறேன்.